பிரிவி கவுன்சில் – கோமறைக் கழகம்

பழைய இந்தியத் தீர்ப்புகளைப் புரட்டினால் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் பிரிவி கவுன்சில். ஆங்கிலேயர் ஆட்சியில் நம் வழக்குகளின் கடைசி முறையீடு போய்ச் சேர்ந்த இலண்டன் அவை அது. 'தனக்கே உரிய' என்று பொருள்படும் பிரிவாட்டுஸ் என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பிரிவி' ஆனது. அரசர் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசனை கேட்கும் அவை என்பதே இதன் பொருள்.

இலங்கைத் தமிழில் இதைக் கோமறைக் கழகம் என்பார்கள். கோ அரசர், மறை இங்கே வேதம் அல்ல, மறைவானது. அழகான ஆக்கம்தான். ஆனால் இரகசியத்தை விட நெருக்கமே மூலச்சொல்லின் உயிர். சோழர் கல்வெட்டுகளில் அரசருடன் இருந்த அதிகாரிகளைக் குறித்து வரும் 'உடன்கூட்டத்து அதிகாரிகள்' என்ற தொடர் அந்த நெருக்கத்தை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. ஆனாலும் சட்டத் தமிழில் வேரூன்றிவிட்ட கோமறைக் கழகத்தையே நாமும் எழுதலாம்.

சரி, யோசனை சொல்லும் அவைக்கு நீதிமன்ற வேலை எப்படி வந்தது? நீதிக்கு ஊற்று அரசர்; கடைசி முறையீடு அவரிடம்தான் என்பது பழைய கொள்கை. 1641-ல் இங்கிலாந்துக்குள் இந்த அவையின் நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்தது. கடல் கடந்த ஆட்சிப் பகுதிகளின் முறையீடுகள் மட்டும் அதனிடம் தங்கின. அவற்றை விசாரிக்க 1833-ல் சட்டப்படி நீதிக்குழு அமைந்தது. அந்தக் குழு தானாகத் தீர்ப்பளிக்காது. இன்னபடி செய்யலாம் என்று மன்னருக்குப் பணிவுடன் அறிவுரை கூறும், அப்புறம் அரசாணை வரும். மன்னருக்கு இரண்டு விதமாக அறிவுரை சொல்லக் கூடாது என்பதால் 1966 வரை நீதிபதிகளின் மாற்றுக் கருத்து வெளியாகவில்லை.

அதன் சொல் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 1868-ல் இராமநாதபுரம் வழக்கில், கணவர் அனுமதி தராமல் இறந்திருந்தாலும் உறவினர் சம்மதத்துடன் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்றது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் ஏட்டுச் சட்டத்தை விட வலியது என்றும் சொன்னது.

இந்தியாவிலிருந்து முறையீடுகள் 1949-ல் நின்றன. இலங்கையில் தொடர்ந்தன. சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் சம்பள உயர்வை இழந்த அரசு ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கில் 1969-ல் அங்கே தீர்ப்பு வந்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்கலாம் என்று கூறிய கழகம், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியை இலங்கை உச்ச நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1971-ல் இலங்கை முறையீடுகளும் ஒழிந்தன. மறு ஆண்டு புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் கடைசிவரை விடை சொல்லவில்லை.