கோல்டு கேஸ்: தங்கமும் அல்ல, குளிரும் அல்ல

மும்பை மாதுங்காவில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடி, எங்கள் சிறு காலாண்டிதழுக்கு வரும் கதைகளைத் திருத்துவோம். போன மாதம் தாராவியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் துப்பறியும் சிறுகதை அனுப்பியிருந்தார். தலைப்பு ‘கோல்டு கேஸ்’. எங்கள் குழுவில் மும்பைப் போலீஸில் ஹவல்தாராக இருந்து ஓய்வுபெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் உண்டு. தலைப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “தங்கக் கடத்தல் கதையா? எங்கள் காலத்துச் சமாச்சாரம் ஆயிற்றே” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்தில் தங்கத்துக்கும் அதே கோல்டு, குளிருக்கும் அதே கோல்டு. தங்கக் கட்டி வைத்திருப்பதைத் தடைசெய்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்து 1990இல் விலக்கப்பட்டது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த ஊரில் காக்கி உடுத்தியவருக்கு கோல்டு கேஸ் என்றால் தங்க பிஸ்கட்தான் கண்ணில் தெரியும். இன்னொரு நண்பர், மொழிப்பற்று மிகுந்தவர், தலைப்பை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘குளிர்ந்த வழக்கு’ என்று எழுதி வைத்தார். அன்றைக்குக் கதையைத் திருத்தவே நேரம் இல்லாமல் போயிற்று. சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். குற்றம் நடந்திருக்கிறது, பெரும்பாலும் கொலை. செய்தவர் யார் என்று தெரியவில்லை. கையிலிருந்த துப்புகளையெல்லாம் தேடித் தீர்த்தாயிற்று. இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது. இப்படிப்பட்டதுதான் கோல்டு கேஸ். நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போகும் வழக்கு இதில் சேராது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நிற்கிறார். இங்கே கூண்டு காலி.

ஆங்கிலத்தில் இந்தக் குளிர் வந்த வழி வேட்டைக்காடு. வேட்டை நாய் விலங்கின் மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். விலங்கு சற்று முன் கடந்த தடம் சூடானது. நேரம் ஆக ஆக மோப்பம் காற்றில் கலைந்துவிட, தடம் குளிர்ந்ததாகச் சொல்வார்கள். நாய் அங்கே நின்று சுற்றிச் சுற்றி முகரும். ஆகவே குளிர்ந்தது தடம்தான். அந்த அடைமொழி பின்னால் வழக்கின் தலையில் ஏறிக்கொண்டது. வேர் தெரியாமல் ‘குளிர்ந்த வழக்கு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், தமிழ் வாசகருக்கு வழக்கை ஐஸ் பெட்டியில் வைத்தது போலத் தோன்றும். தமிழில் குளிர்ந்தது என்றால் நல்லது. கண் குளிரும், மனம் குளிரும், வயிறு குளிரும். கொலை வழக்கு குளிர்ந்தது என்று எழுதினால் கொலைகாரனுக்குத்தான் குளிர்ச்சி.

“அப்படியானால் ‘ஆறிய வழக்கு’ என்று வைப்போம்” என்றேன் நான். சோறு ஆறும், காப்பி ஆறும்; உடனே செய்வதைச் ‘சூட்டோடு சூடாக’ என்கிறோம்; சூடு தணிந்தால் ஆறியது. உவமை நேராகப் பொருந்துகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். “தம்பி, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் உங்கள் வழக்கு ஆறிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்” என்றார்.

நான் யோசிக்காத இடம் அது. தமிழில் ஆறுதல் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. சூடு தணிவதும் ஆறுதல், புண் குணமாவதும் ஆறுதல், துக்கம் அடங்குவதும் ஆறுதல். ஔவையின் ஆத்திசூடி ‘ஆறுவது சினம்’ என்கிறது. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்று தொடங்கி ‘ஆறாதே’ என்று வள்ளுவர் நாக்கின் வடுவைச் சொல்கிறார். காவல் நிலையத்துக்கு ஆறிப்போனது எதுவோ அது வீட்டாருக்கு ஆறாதது. ஒரே சொல்லை இரண்டு பேரும் எதிரெதிராகப் புரிந்துகொள்வார்கள் என்றால் அந்தச் சொல் இதற்கு உதவாது. கைவிட்டேன்.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. நெல்லை, குமரிப் பக்கத்து ஊர்களில் கொலையுண்டவர்களுக்குப் பீடம் போட்டுத் தெய்வமாக்கிக் கொடைவிழா நடத்துவார்கள். வில்லுப்பாட்டில் யார் கொன்றான், எந்த இடத்தில், எதற்காக என்பதையெல்லாம் இரவு முழுக்கப் பாடுவார்கள். தலைமுறைகள் போன பின்னும் கொலைகாரனின் பெயர் மேடையில் ஒலிக்கும். “ஊரில் எந்த வழக்கையும் ஆறவிடுவதில்லை; போலீஸ்தான் ஆறவிடுகிறது” என்றார். அவரே போலீஸ் என்பதால் யாரும் பதில் பேசவில்லை.

வேறு சில சொற்களும் மேசைக்கு வந்தன. ‘நிலுவை வழக்கு’ நீதிமன்றத்துக்கு உரியது, பொருந்தாது. ‘கிடப்பில் போட்ட வழக்கு’ என்றால் யாரோ வேண்டுமென்றே போட்டதாகக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்கிறது; எல்லா வழக்கும் சோம்பலால் நிற்பதில்லை. ‘கிணற்றில் போட்ட கல்’ என்பது மீளவே மீளாதது, ஆனால் இந்த வகைக் கதைகளின் உயிரே அந்தக் கல் மேலே வருவதில்தான் இருக்கிறது.

அப்போதுதான் அண்ணாச்சி தன் தொழிலின் சொல்லை எடுத்து வைத்தார்: ஏ சம்மரி. மும்பையில் புலனாய்வு முடிந்தும் யாரையும் கூண்டில் நிறுத்த முடியவில்லை என்றால் போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் இறுதி அறிக்கை கொடுக்கும். அதற்கு ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. புகாரே வேண்டுமென்று சொன்ன பொய் என்றால் பி. பொய்யும் இல்லை, குற்றமும் இல்லை, ஏதோ தவறான புரிதல் அல்லது சிவில் தகராறு என்றால் சி. குற்றம் நடந்தது மெய், செய்தவர் மட்டும் தெரியவில்லை என்றால் ஏ. டில்லிப் போலீஸ் இதையே ‘அன்ட்ரேஸ்டு’ என்று எழுதும். எனக்கு மும்பையின் சொல் பிடித்திருக்கிறது. ஒற்றை எழுத்துதான், ஆனாலும் குற்றம் மெய் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் தன் தோல்வியைச் சொல்கிறது.

ஏ சம்மரியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும் கதவு மூடிவிடுவதில்லை என்பதைக் கதை எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. புதிய சான்று கிடைத்தால் மேற்கொண்டு புலனாய்வு செய்யக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) பிரிவு இடம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 193(9). சிறு குற்றங்களுக்குக் காலவரம்பு உண்டு, கொலைக்குக் கிடையாது. ‘முப்பது வருடம் ஆகிவிட்டது, இனி சட்டம் ஒன்றும் செய்ய முடியாது’ என்று வில்லன் சிரிக்கும் காட்சியை நான் எத்தனையோ கையெழுத்துப் பிரதிகளில் அடித்திருக்கிறேன்.

பழைய வழக்கு எப்படித் திறக்கிறது? சில சமயம் புதிய வழக்கு அதைத் திறந்துவிடும். 1965, 66ஆம் ஆண்டுகளில் மும்பையின் புறநகரில் நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கியவர்கள் தலையில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் யார் என்று நிரூபிக்க முடியவில்லை. 1968இல் மறுபடி அதே விதமான கொலைகள். அந்த ஆகஸ்டில் ராமன் ராகவ் பிடிபட்ட பிறகுதான் முந்தையவற்றுக்கும் விடை கிடைத்தது. சில சமயம் ஆய்வகம் திறக்கும். இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தார்; அதே வட்டாரத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன் அந்த முறையால்தான் சிக்கி 1988இல் தண்டனை பெற்றான். கலிபோர்னியாவில் 1970, 80களின் தொடர் குற்றங்களுக்காக ஒரு முன்னாள் போலீஸ்காரர் 2018இல் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது அவருடைய தூரத்து உறவினர்களின் மரபணு. உறவு விட்டுப்போகாது என்று நம் பாட்டிகள் சொன்னதை ஆய்வகம் உறுதி செய்திருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பழைய கோப்பையே மறுபடி படிப்பது. சிறுகதைக்கு ஏற்றது இதுதான் என்பது என் கட்சி. பன்னிரண்டு பக்கத்தில் கலீனாவின் தடயவியல் ஆய்வகத்துக்குப் போய் அறிக்கைக்குக் காத்திருக்க இடம் கிடையாது.

இங்கிருந்துதான் சரியான தமிழ்ச் சொல் எனக்கு அகப்பட்டது. அது புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. நம் நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவருவதுதான்: ‘துப்புத் துலங்கவில்லை’, ‘கொலையில் துப்புத் துலங்கியது’.

துப்பு ஒரு வேடிக்கையான சொல். வள்ளுவரின் ‘துப்பார்க்குத் துப்பாய’ குறளில் அது உணவு. பழைய பாட்டுகளில் வலிமை. இன்னோர் இடத்தில் பவளம். வலிமை என்ற பொருள் இன்றும் ‘துப்புக் கெட்டவன்’ என்ற வசவில் பிழைத்திருக்கிறது. (துப்பில்லாத போலீஸ் என்று எழுதினால் இரண்டில் எந்தப் பொருள் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.) உளவு, தடயம் என்ற பொருளை நிலைநிறுத்தியவை துப்பறியும் நாவல்கள். அதற்கு முன் பெயர் நிலைபெறவில்லை. 1894இல் நடேச சாஸ்திரி வெளியிட்ட துப்பறியும் கதைப் புத்தகத்தின் தலைப்பில் நாயகன் ‘போலீஸ் நிபுணன்’தான். ‘ஒற்று’ என்ற பழஞ்சொல் குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயர் தந்தாலும் இதற்கு ஆகாது. ஒற்றன் அரசனுக்காக உயிரோடிருப்பவர்களைக் கண்காணிப்பவன். துப்பறிகிறவர் நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பவர்.

ஆனால் எனக்கு இந்தத் தொடரில் மணியாகத் தெரிவது துப்பு அல்ல, துலங்குதல். துலங்கு என்றால் விளங்கு, ஒளிவிடு. அதன் பிறவினை துலக்கு. பாத்திரம் துலக்குவது நமக்கெல்லாம் தெரியும். கறுத்துப்போன பித்தளைச் செம்பு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அதே செம்பு பளிச்சென்று வரும். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஒளி முன்பே உள்ளே இருந்தது, களிம்புதான் மறைத்தது. மராத்தி நாளிதழ்கள் இதே இடத்தில் ‘உல்கடா’ என்கின்றன. மடித்து வைத்ததை விரித்துக்காட்டுவது என்று பொருள். அதுவும் நல்ல சொல். என்றாலும் துணியை விரிக்க ஒரு நொடி போதும்; செம்பைத் துலக்கக் கை வலிக்க வேண்டும்.

அந்த மாணவியின் கதையும் அப்படித்தான் நடக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு பூக்காரம்மா கொலை. சந்தேகத்துக்குரியவன், அந்த நேரத்தில் தன்னை மாதுங்கா ஸ்டேஷனில் பார்த்ததற்குச் சாட்சி உண்டு என்கிறான். சாட்சியும் ஆமாம் என்கிறார். வழக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. பதிவறையில் கோப்புகளுக்கு எண் போடும் ஓர் எழுத்தர் அந்த வாக்குமூலத்தைப் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நிற்கிறார். சாட்சி தாதரில் வடக்கே போகும் மேற்கு ரயில்வே ஸ்லோ வண்டி பிடித்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி இறங்கினால் அது மாதுங்கா ரோடு. மாதுங்கா என்பது மத்திய ரயில்வேயில் இருக்கும் வேறு நிலையம். எழுதிக்கொண்ட கான்ஸ்டபிள் ‘ரோடு’ என்ற சொல்லை விட்டுவிட்டார். சாட்சி இறங்கிய நிலையம் வேறு, சந்தேகத்துக்குரியவன் சொன்ன நிலையம் வேறு. அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு வருடம் எல்லோர் கண்ணெதிரிலும் களிம்பேறிக் கிடந்த வரி. மும்பையில் வளர்ந்த பெண்ணுக்குத்தான் இது தோன்றும்.

ஆகவே என் முடிவு இது: விரிவாகச் சொன்னால் ‘துப்புத் துலங்காத வழக்கு’, சுருக்கினால் ‘துலங்கா வழக்கு’. பல வருடம் கடந்தது என்பதை அழுத்த வேண்டுமானால் முன்னால் ‘நெடுநாள்’ சேர்த்துக்கொள்ளலாம். மறுபடி எடுத்து விசாரிப்பதற்குத் ‘தொடர் புலனாய்வு’ போதும். ‘மறுபுலனாய்வு’ என்றால் பழையதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. சட்டத்தில் இரண்டும் வேறு.

கதையின் தலைப்பைத் ‘துலங்கா வழக்கு’ என்று மாற்றி, நான்கு இடங்களில் திருத்திப் படி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் அழைத்தார். “அண்ணா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் கதையில் பேசுகிறவர் போலீஸ் எழுத்தர். அவர் வாயில் ‘ஏ சம்மரி’தான் வரும். தலைப்பையும் ‘ஏ சம்மரி’ என்றே வைத்துவிடுகிறேனே?” என்று கேட்டார். சரி என்றேன். உரையாடலுக்கு வெளியே மூன்று இடங்களில் மட்டும் என் சொல்லை விட்டுவைத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு மெய்ப்புப் படியைக் காட்டினேன், தலைப்பைப் பார்த்துவிட்டு, “இது தங்கக் கதை இல்லைதானே?” என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.