ஃபெல்ட் செய்ய உட்காரும் முன்: கையில் இருப்பது கம்பளிதானா?

நெய்யாமல், கம்பளி இழைகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் பிணைத்துச் செய்யும் கெட்டித் துணிதான் ஃபெல்ட். "மணிக்கணக்கில் தேய்த்தேன், ஒட்டவே இல்லை" என்று பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, எதைத் தேய்த்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில் ஒன்றே: ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன்' என்று கேட்டு வாங்கிய நூல் உருண்டை. நம்மூர்க் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில் மிகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. ஸ்டேஷனரி கடையில் கைவினைக்கு விற்கும் வண்ண ஃபெல்ட் ஷீட்டும் அனேகமாகப் பாலியஸ்டரை ஊசியால் குத்திக் கோத்ததே. வெந்நீர், சோப்பு, உழைப்பு எதைக் கொடுத்தாலும் அது ஃபெல்ட் ஆகாது. ஈரமுறை ஃபெல்ட்டுக்குச் செம்மறியாட்டுக் கம்பளி போன்ற விலங்கு ரோமம்தான் வேண்டும். தவறு கையில் இல்லை, பொருளில்தான்.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. அதனால் இழை வேர்ப் பக்கமாக எளிதில் நகரும், எதிர்ப்பக்கம் திரும்பி வராது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இழை ஊறி உப்பும், செதில்கள் விரியும். அப்போது அசைத்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைகளுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். எண்ணெய் காணாத தலைமுடி சிக்குப் பிடித்துச் சடை விழுவது போலத்தான். பிறகு பிரிக்க முடியாது. அக்ரிலிக்கிலும் பருத்தியிலும் இந்தச் செதில்கள் கிடையாது.

கம்பளியாக இருந்தும் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. 'மெஷினில் துவைக்கலாம்' என்றோ 'சூப்பர்வாஷ்' என்றோ லேபிளில் இருந்தால், துவைக்கும்போது சுருங்கக் கூடாது என்று செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கியோ மேலே பிசின் பூசியோ விட்டிருப்பார்கள். ஸ்வெட்டருக்கு நல்லது, நமக்கு உதவாது.

வாங்கிய பொருளைச் சோதிக்க எளிய வழி இது. நெல்லிக்காய் அளவு இழையைக் கிள்ளியெடுத்து, இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே முதலில் பூப்போலவும் பிறகு அழுத்தியும் ஐந்து நிமிடம் உருட்டுங்கள். இறுகிய உருண்டையானால் சரி. ஈரப் பஞ்சாகவே கிடந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். தீயில் காட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, தீயை எடுத்ததும் அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும். இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துச் செய்யுங்கள். உருகிச் சொட்டும் பிளாஸ்டிக் கையில் பட்டால் தோலோடு ஒட்டிவிடும். பிளீச்சில் கம்பளி கரையும் என்று படித்துவிட்டு அதையும் முயல்கிறார்கள். கரைவது உண்மைதான். ஆனால் இதே வேலையில் வினிகரும் பக்கத்தில் இருக்கும். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச் சோதனையே வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? 'மெரினோ டாப்ஸ்' என்று கேளுங்கள். மெரினோ என்பது மென்மையான கம்பளி தரும் செம்மறியாட்டினம். சீவி, இழைகளை ஒரே திசையில் நீட்டிக் கயிறுபோல் சுருட்டி விற்பார்கள். இழையின் பருமன் 19 முதல் 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருப்பது தொடக்கக்காரருக்கு ஏற்றது. தமிழ்நாட்டு ஆட்டினங்களில் மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், சென்னைச் சிவப்பு எல்லாம் கறிக்கானவை; உடலில் இருப்பது கம்பளி அல்ல, முடி. கோயம்புத்தூர் இனத்திலும் திருச்சிக் கறுப்பிலும் கம்பளி உண்டு, ஆனால் முரடு. உள்ளே கலந்திருக்கும் தடித்த முடி ஃபெல்ட்டில் சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும். நைசான கம்பளி தருவது நீலகிரி இனம் ஒன்றுதான். மெரினோ, செவியட் போன்ற வெளிநாட்டு ஆடுகளைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணி வளர்க்கிறார்கள், ஆனாலும் எண்ணிக்கை மிகக் குறைவு.

கிடை போடுபவரிடம் கத்தரித்த ரோமம் கிடைக்கிறதே என்று அப்படியே வாங்கிவந்து தேய்க்காதீர்கள். சாணமும் முள்ளும் உண்ணியும் இருக்கும். நோயில் செத்த ஆட்டின் ரோமத்தைத் தொடவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் ரோமத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் கம்பளி தரம் பிரித்த தொழிலாளர்களைக் கொன்ற நோய் அதுதான். நலமான ஆட்டில் கத்தரித்த ரோமம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் கையுறை, முகக்கவசம் போட்டுத் திறந்தவெளியில் பிரியுங்கள். அலச, 100 கிராமுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், சுமார் 60 டிகிரி சூடு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். வலைப்பையில் போட்டு இருபது நிமிடம் அமுக்கி வையுங்கள், கிளறாதீர்கள். அதே சூட்டுத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். ஆறவிட்டால் கரைந்த கொழுப்பு மறுபடி இழையில் படியும்.

இனி செய்முறை. சூடான பாத்திரம் வைக்கும் 20 சென்டிமீட்டர் சதுர மேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பளி உருகாது என்பதால் முதல் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஃபெல்ட் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்து, 30 சென்டிமீட்டர் சதுரமாக விரிக்க வேண்டும். கம்பளி 32 கிராம். எட்டு எட்டு கிராமாக நான்கு பங்கு. கண் மதிப்பு உதவாது, தராசு வேண்டும். இது தவிர ஒரு பபிள் ராப், கொசுவலைத் துண்டு, பழைய துண்டு இரண்டு, சப்பாத்திக் கட்டை அல்லது ஓரங்குல பிவிசி குழாய், துருவிய குளியல் சோப்பு ஒரு மேசைக்கரண்டி. சோப்பை ஒரு லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதான் மிதக்கும், அது கம்பளியிலும் ஒட்டும். குடிநீர்க் கேன் தண்ணீரையோ மழைநீரையோ எடுங்கள். துணி துவைக்கும் பவுடர் மட்டும் வேண்டாம். பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் இருக்கிறது, கம்பளியும் புரதம்தான். சலவைச் சோடாவும் அதே காரணத்தால் ஆகாது, காரம் இழையை அரிக்கும்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் வெற்றி, கம்பளியை அடுக்குவதில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். டாப்ஸ் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. வெட்டிய முனை மொத்தமாக நின்று கோடு தெரியும். இடக்கையால் கயிற்றை நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். வலக்கையின் விரல்களையும் உள்ளங்கையின் அடியையும் சேர்த்து நுனியை மட்டும் கவ்வி இழுங்கள். மெல்லிய இதழ் ஒன்று தானே கழன்று வரும். வரவில்லை என்றால் இரண்டு கையும் நெருங்கிவிட்டன, ஒரே இழையின் இரு முனையையும் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். இதழ்களைப் பபிள் ராப்பின் மேல், கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒன்றன் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி வைத்து ஒரு அடுக்கை முடியுங்கள். எல்லா இழையும் ஒரே திசை. அடுத்த அடுக்கு அதற்குக் குறுக்கே. மூன்றாவது முதலாவது போல, நான்காவது இரண்டாவது போல. முடிந்ததும் உள்ளங்கையால் பரவலாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று படாத இடம்தான் நாளை ஓட்டை விழும் இடம். இப்போது ஒரு இதழ் வைத்தால் தீர்ந்தது. முழுதாக இறுகிய ஃபெல்ட்டின் மேல் புதுக் கம்பளி ஒட்டாது.

கொசுவலையை மூடி, சோப்புத் தண்ணீரை நடுவிலிருந்து தெளியுங்கள். கை பொறுக்கும் சூடு, ஏறக்குறைய 40 டிகிரி போதும். உள்ளங்கையால் அமுக்கி நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் செலவாகாது. குளம் கட்டினால் இழைகள் மிதந்து விலகும். துண்டால் ஒற்றி எடுங்கள். நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால் பிற்பாடு அடுக்குகள் தனித்தனியாகப் பிரியும். பார்ப்பதற்குத் தட்டையாக, எங்கும் ஒரே நிறமாக ஈரம் தெரிய வேண்டும்.

முதல் பத்து நிமிடம் வலைக்கு மேலே தடவுவது மட்டுமே வேலை. அழுத்தம் கூடாது. இங்கேதான் பலர் பலத்தைக் காட்டுகிறார்கள். இழைகள் பிணையும் முன் அழுத்தித் தேய்த்தால் கம்பளி மடிந்து வரிவரியாகத் திரளும், அந்த வரி கடைசிவரை போகாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்த்து மறுபடி போடுங்கள், மறந்தால் இழைகள் வலைக்கண் வழியே ஏறி வலையையும் சேர்த்துப் பின்னிவிடும். ஓரத்தில் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை உள்ளே மடித்துவிடுங்கள். கை வழுக்கிக்கொண்டே போனால் சோப்பு அதிகம், கரகரவென்று இழுத்தால் குறைவு.

கிள்ளிப் பாருங்கள். மேலே உள்ள இழைகள் மட்டும் தனியே தூக்கி வந்தால் இன்னும் தடவ வேண்டும். மொத்தத் துணியும் சேர்ந்து எழும்பினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பபிள் ராப்போடு கட்டையில் சுற்றி, துண்டால் மூடிக் கட்டி, முன்னும் பின்னும் நூறு முறை உருட்டுங்கள். பிரித்து, சுருக்கத்தை நீவி, கால் திருப்பு திருப்பி மறுபடி நூறு. இப்படி நான்கு பக்கமும். உருட்டும் திசையில்தான் ஃபெல்ட் சுருங்கும் என்பதால், ஒரே பக்கமாக உருட்டினால் சதுரம் நீள்சதுரமாகிவிடும். அளவுகோலை அருகில் வைத்து, எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறதோ அந்தப் பக்கமாக உருட்டிச் சரிசெய்யலாம். இடுப்பு உயர மேசையில், முன்னங்கையால் உருட்டுங்கள். தரையில் குனிந்து செய்தால் மணிக்கட்டும் முதுகும் அன்றிரவே சொல்லும். சிந்தின சோப்புத் தண்ணீரை உடனே துடையுங்கள், வழுக்கி விழுவது இந்த வேலையில் சாதாரணம். கையில் வெடிப்போ கரப்பானோ இருந்தால் மெல்லிய ரப்பர் கையுறை அணிந்தும் இதைச் செய்யலாம்.

25 சென்டிமீட்டருக்கு வந்ததும் சோப்பைப் பாதி பிழிந்துவிட்டு, சூடான தண்ணீரில் நனைத்து, சிங்க் மேடையில் முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் எறியுங்கள். சூடும் குளிரும் மாற்றி ஊற்றினால்தான் சுருங்கும் என்பார்கள். சுருக்குவது அடிதான், சூடு அதற்குத் துணை. மேற்பரப்பு எலுமிச்சைத் தோல்போல் புள்ளி புள்ளியாக இறுகி, இரு கையால் இழுத்தாலும் நீளாமல் நின்றால் முடிந்தது. 22-இல் நின்றுவிட்டு 'போதும்' என்று விடுகிற மேட்தான் ஒரு மாதத்தில் மொசுமொசுவென்று பிரி தள்ளுகிறது.

நுரை போகும்வரை அலசி, கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தால் மிச்சக் காரம் போகும். வாடை காய்ந்ததும் மறைந்துவிடும். அலசும் தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். உதிர்ந்த இழை சிங்க் குழாய்க்குள்ளும் ஃபெல்ட் ஆகும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, மூலைகளை நீவி, நிழலில் தட்டையாகக் காயப்போடுங்கள். மழைக்காலமானால் மின்விசிறி தேவைப்படும்.

மீதிக் கம்பளியைத் துணிப்பூச்சியின் புழு தின்னும். வேப்பிலை வைப்பதால் முட்டைகள் சாகாது. காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தெடுத்து, அதே பையில் மூடி வையுங்கள். அந்துருண்டை போடுவதாக இருந்தால், பச்சிளங்குழந்தைக்கான காலணியோ தொப்பியோ செய்யும் கம்பளியில் வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையிலிருக்கும் நாப்தலீனின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதற்குப் பிறகே தெரியவருகிறது.