பாதர் கல்யாணம் நடத்த மறுத்தால் கேஸ் போடலாமா?

குடும்ப நல வழக்குகள் பார்க்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். கேட்பவர்கள் பெரும்பாலும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடித்த பிறகுதான் வருவார்கள்.

பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை மேசைமேல் வைத்தார். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துவிட்டது. பங்குத்தந்தையோ, "இது கோர்ட் பேப்பர்ம்மா, மறைமாவட்டத் தீர்ப்பாயம் கொடுத்தது எங்கே?" என்று கேட்டிருக்கிறார். முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபையின் சொந்த நீதிமன்றமான அந்தத் தீர்ப்பாயம் சொன்னால்தான் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பார்கள். தீர்ப்பாயத்தின் தாள் மட்டும் இருந்தாலும் ஆபத்துதான். அது நீதிமன்ற விவாகரத்துக்கு ஈடாகாது என்று மோலி ஜோசப் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மண வழக்கு வரும்.

சரி, பாதர் மறுத்தது தப்பா? சட்டப்படி இல்லை. மத விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்பின் 26-ஆவது பிரிவு சபைகளுக்குத் தருகிறது. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், குருவானவர் தம் சபையின் விதிப்படியும் வழக்கப்படியும் நடத்தும் திருமணத்தையே பேசுகிறது. விதியை மீறி நடத்தச் சொல்லி அவர்மேல் வழக்குப் போட நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. ஜெயித்தாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவர் ஆசீர்வதிக்கிற கல்யாணம் யாருக்கு வேண்டும்?

கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத இரண்டு பிரிவுகள் உண்டு. திருமணம் மீறிய உறவுக்காக விவாகரத்தானவருக்கு மணம் நடத்தும்படி இங்கிலாந்து திருச்சபைக் குருவைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மறுத்ததற்காக வழக்கோ தண்டனையோ கூடாது என்கிறது 58-ஆவது பிரிவு. அடுத்த பிரிவு அவருக்கே ஒரு கடமையை வைக்கிறது: அதே சபையின் வேறொரு குரு நடத்த முன்வந்தால், கோயிலைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து வாசகம்தான். கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் முன்பே எழுதியது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் எனக்குப் பிடிக்கும். நீங்கள் நடத்த வேண்டாம், நடத்துகிறவருக்கு வழிவிடுங்கள்.

மறுத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகவில்லை என்றால், நடத்தி வைக்கும் ஐயரோ பாஸ்டரோ ஹஜ்ரத்தோ, யாராக இருந்தாலும் 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம்வரை அபராதமும் வரலாம். "வீட்டில்தான் வயசு சொன்னாங்க" என்று தப்பிப்பது கடினம். பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சாதி வேறு விஷயம். தீண்டாமையை மனதில் வைத்து, மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டு இடத்தில் ஒருவரின் சமயச் சடங்கைத் தடுத்தால், 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பாயும். அங்கே "எங்கள் வழக்கம்" என்பது பதிலே அல்ல.

பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் திருமண அலுவலருக்கு மனசாட்சிச் சலுகை எதுவும் கிடையாது. சட்டம் சொல்லும் தடை இருந்தால் மட்டுமே மறுக்கலாம். யாராவது எழுப்பிய ஆட்சேபத்தை ஏற்று மறுத்தால், 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இருவரும் இந்துக்களானால் புரோகிதரே தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்கீழ் உறவினர், நண்பர்கள் முன் மாலை மாற்றினாலே போதும். ஒருவர் கிறிஸ்தவர் என்றால் அந்த வழி கிடையாது. பாதர் மறுத்த கோபத்தில் ஏதாவது கோயிலில் தாலி கட்டிவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமே பாதுகாப்பானது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் ஒட்டி இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். பெரம்பூர்ப் பெண்ணும் அதைத்தான் செய்தார். மண்டபத் தேதியை மட்டும் தள்ளிப்போட வேண்டியிருந்தது.