முழங்கால் நோவு எண்டு வாற புள்ளட இடுப்பையும் பாருங்க

இந்த மாசமும் ஒரு பொடியன். 13 வயசு, கொஞ்சம் பாரமான உடம்பு, ரெண்டு மூணு மாசமா முழங்கால் நோவுது எண்டு சொல்லிட்டே இருந்திருக்கான். எண்ணெய் போட்டு உருவி, புக்கை கட்டி, முழங்கால் எக்ஸ்ரேயும் எடுத்து, "ஒண்டுமில்ல, வளர்ற வயசு நோவு" எண்டு விட்டுட்டாங்க. கடைசியா ஸ்கூல் படியில சறுக்கி விழுந்தவன் எழும்பல்ல, ஓட்டோவில தூக்கித்தான் கொண்டு வந்தாங்க. பையில இருந்த எக்ஸ்ரே எல்லாம் முழங்கால் படம், இடுப்புப் படம் ஒண்டு கூட இல்ல. வருத்தம் இருந்தது இடுப்பில.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பெற்றோர் எல்லாருக்கும் சொல்றன், நோவுற இடத்திலதான் வருத்தம் இருக்கும் எண்டு நினைக்காதீங்க. தொடை எலும்புட மேல் உருண்டை வளர்ச்சித் தட்டில (எலும்பு வளர்ற மெல்லிய குருத்தெலும்புப் படையில) விலகினா, நோவு முழங்கால்லதான் தெரியலாம், ஏனெண்டா இடுப்பு மூட்டுக்குப் போற நரம்பே முழங்காலுக்கும் கிளை குடுக்குது. சில புள்ளைகளுக்கு இடுப்பு கொஞ்சமும் நோவாது. புள்ள பொய் சொல்லல்ல, ஸ்கூலுக்குக் கள்ளம் அடிக்கல்ல. முழங்கால் எக்ஸ்ரே நல்லா இருக்கு எண்டா முழங்கால் நல்லா இருக்கு, அவ்வளவுதான், இடுப்பப் பத்தி அது ஒண்டும் சொல்லாது.

10 இலிருந்து 16 வயசுக்குள்ள, நொண்டி நடக்குது, பாதம் வெளிப்பக்கமா திரும்பி நிக்குது எண்டா கவனிங்க. இடுப்பு விலகியிருந்தா, மல்லாக்கப் படுக்க வெச்சு காலை மெதுவா மடிக்கேக்க முழங்கால் நெஞ்சுக்கு நேரா வராம தோள்பக்கம் வெளியால ஓடும். நோவுதெண்டா விட்டுருங்க, பலமாத் திருப்பிப் பார்க்காதீங்க.

ஓபிடியில (வெளிநோயாளர் பிரிவில) இருக்கிற என்ட டொக்டர் ஆக்களுக்கும் ஒரு சொல். ரெண்டு இடுப்பும் தெரியிற மாதிரி படம் எடுங்க, பக்கவாட்டுப் படமும் வேணும், நேர்ப்படத்தில மட்டும் பார்த்தா சின்ன விலகல் தப்பிரும். தொடை எலும்புக் கழுத்துட மேல் ஓரமா இழுக்கிற கோடு உருண்டைய வெட்டாமப் போகுதா பாருங்க, போனா விலகல் எண்டு சந்தேகப்படுங்க. கால் ஊண்ட ஏலாத புள்ளைய தவளை மாதிரி காலை விரிக்க வைக்காதீங்க. மெலிஞ்ச புள்ள, இல்லாட்டி 10 வயசுக்குக் குறைஞ்ச புள்ள எண்டா தைரோய்ட், சிறுநீரகம் பார்க்க மறக்காதீங்க.

சந்தேகம் வந்த உடன நடக்க விடக்கூடாது, கக்கூசுக்குப் போறதுக்கும்தான். அண்டைக்கே எலும்பு டொக்டரிட்ட கொண்டு போங்க. "மருந்தில மாறாதா ஐயா?" எண்டு கேக்கிறாங்க, மாறாது. மேலும் விலகாம ஒரு ஸ்க்ரூ போட்டுப் பூட்டணும், நேரத்தோட வந்தா அது சின்ன ஒப்பரேசன். கால் ஊண்டவே ஏலாத நிலைமையில வந்தா உருண்டைக்குப் போற ரத்த ஓட்டம் அறுந்து எலும்பே செத்துப் போகலாம், அதுக்குப் பிறகு இருபது வயசிலயே தேஞ்ச மூட்டோட அந்தப் புள்ள நடக்கணும். தயவு செய்து உருவுற இடத்துக்குக் கொண்டு போகாதீங்க. சுளுக்குக்குச் செய்யிறதை இதுக்குச் செய்தா பாதி விலகினது முழுசா விலகும்.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்ட போனதும் எல்லாம் முடிஞ்சுது எண்டு கிளினிக்க விட்டுர்றாங்க. மத்தப் பக்க இடுப்பும் விலகலாம், வளர்ச்சித் தட்டு மூடும் வரைக்கும் அந்தப் பயம் இருக்கு. நல்ல கால்ல முழங்கால் நோவுது எண்டு புள்ள சொன்னா அடுத்த தவணை வரும் வரைக்கும் பார்த்துட்டு இருக்காதீங்க, அண்டைக்கே கொண்டு வாங்க.