குளிரில் எலெக்ட்ரிக் காரின் ரேஞ்ச் எங்கே போகிறது?

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்துவிட்டால் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: முழுசாக சார்ஜ் ஏற்றியும் முன்பு போன தூரம் போக முடியவில்லை. பழி உடனே பேட்டரி மேல் விழும். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பங்கு ஹீட்டருடையது.

2019இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 5 எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்துப் பார்த்தது. 24 டிகிரி செல்சியஸில் கிடைத்த ரேஞ்ச்தான் அளவுகோல். மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. அதே குளிரில் ஹீட்டரைப் போட்டதும் இழப்பு 41 சதவீதத்துக்கு எகிறியது. 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டியபோது இழப்பு 17 சதவீதம். ஏசி இல்லாமல் வெறும் 4.

பெட்ரோல் காரில் இந்தச் செலவு கண்ணில் படுவதே இல்லை. எரிகிற எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் சூடாகவே வெளியேறுகிறது. எப்படியும் வீணாகப் போகிற அந்தச் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் போதும், ஹீட்டர் தயார். எலெக்ட்ரிக் மோட்டார் அப்படியில்லை. வாங்கும் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதத்தை ஓட்டமாக மாற்றிவிடுகிறது. திருப்பிவிட அதனிடம் பெரிதாகச் சூடு இல்லை. ஆக, உள்ளே இருப்பவர்களுக்கு வேண்டிய வெப்பத்துக்கும் பேட்டரியில்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 யூனிட் பேட்டரி உள்ள கார் நெடுஞ்சாலையில் 100 கிமீ வேகத்தில் போகிறது, மணிக்கு 15 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரம் ஓடும், 400 கிமீ. ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் இழுத்தால் மொத்தச் செலவு 18. ரேஞ்ச் 330 கிமீ சொச்சம். சரி, அதே கார் நகர நெரிசலில் 25 கிமீ வேகத்தில் ஊர்ந்தால்? ஓடுவதற்கு மணிக்கு 3 யூனிட் போதும் என்றால், 20 மணி நேரத்தில் 500 கிமீ. இங்கேயும் ஹீட்டர் அதே 3 யூனிட்டைக் கேட்கும். ரேஞ்ச் நேர்பாதியாகி 250 கிமீயில் வந்து நிற்கும். ஹீட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது, மணிக்கணக்குதான் தெரியும். பத்து நிமிடத்தில் முடிகிற சின்னச் சின்னப் பயணங்கள் இன்னும் மோசம்: ஒவ்வொரு முறையும் சில்லிட்டுக் கிடக்கும் இருக்கை, கண்ணாடி, காற்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டும்.

இதனால்தான் புதிய கார்கள் பலவற்றில் ஹீட் பம்ப் வருகிறது. ஏசியைத் தலைகீழாக ஓட்டுவதுதான் அது. சூட்டை உண்டாக்காமல், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கடத்துகிறது. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 2, 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் இந்த லாபம் சுருங்கிவிடும். என்னைக் கேட்டால், சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புவது அதைவிட மலிவான வழி.

இனி பேட்டரி. லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். குளிரில் அந்தத் திரவம் கெட்டிப்பட்டு அயனிகளின் நடை தளர்கிறது, உள் மின்தடை ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வோல்டேஜ் சட்டென்று இறங்க, கட்டுப்பாட்டு அமைப்பு சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போதும் என்று நிறுத்திவிடுகிறது. அந்த மிச்சம் எங்கும் போய்விடவில்லை. பேட்டரி சூடானால் திரும்பக் கிடைக்கும்.

சார்ஜ் ஏற்றும்போதுதான் ஆபத்து. உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால், பேட்டரியின் ஒரு முனையாக இருக்கும் கிராஃபைட் என்ற கரிப்பொருளின் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதில் ஒரு பகுதி நிரந்தர இழப்பு. அதனால் கார் தானே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பப் பெறும் வசதிக்கும் இதே கட்டுப்பாடுதான்: குளிர்ந்த காலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் வழக்கம்போல் பிடித்து நிற்காமல் நழுவி ஓடும். பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய ஆற்றல் பிரேக் கட்டையில் சூடாகத் தேய்ந்துபோகும்.

அப்புறம் காற்று. மைனஸ் 10 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 13 சதவீதம் அதிகம். அடர்ந்த காற்றைக் கிழித்துக்கொண்டு போகக் கூடுதல் ஆற்றல் வேண்டும், நெடுஞ்சாலை வேகத்தில் இது நன்றாகவே தெரியும். டயரில் காற்றழுத்தமும் இறங்கியிருக்கும், சக்கரம் உருளத் தடை கூடும்.

வெயிலில் இழப்பு ஏன் குறைவு? 35 டிகிரியிலிருந்து 23க்கு இறக்க 12 டிகிரி போதும். மைனஸ் 7லிருந்து 21க்கு ஏற்ற 28 டிகிரி வேண்டும். வெயிலில் நின்ற காரை முதலில் குளிர்விக்க ஏசி நிறைய இழுக்கும், பிறகு அடங்கிவிடும். அயனிகளும் வெப்பத்தில் தடையின்றி ஓடும். ஆனால் அதே வெப்பம் வேண்டாத வேதிவினைகளையும் முடுக்கிவிடுகிறது. கிராஃபைட் மேலுள்ள மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய் லித்தியத்தை விழுங்குகிறது. இந்த இழப்பு திரும்பாது. முழு சார்ஜில் வெயிலில் நாள்கணக்காக நிற்கும் காரில் இது இன்னும் வேகமாக நடக்கும். எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்துவது உத்தமம்.