எண்டர் தட்டும் முன் எங்கே நிற்கிறீர்கள்?

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றின் தலைவி, பாசி அக்கா என்று நான் கூப்பிடுபவர், ஒரு மதிய நேரம் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கணினிக் கடைக்கு வந்தார். "தம்பி, கணக்கெல்லாம் காணோம்" என்றார். ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எந்த மிதவையில் எத்தனை கிலோ பச்சைப் பாசி எடுத்தார்கள், காய்ந்த பிறகு எடை என்ன, யாருக்கு எவ்வளவு பணம் என்று ஒன்பது மாதமாகப் பதிந்துவைத்த எக்செல் ஃபைல்கள் அத்தனையும் போயிருந்தன. வைரஸ் என்று அவர் நினைத்தார். பார்த்தவுடன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைரஸ் இல்லை. கல்லூரியில் படிக்கும் அவருடைய சகோதரி மகன், நல்ல எண்ணத்தோடு எழுதிக் கொடுத்த மூன்று வரி பேட்ச் ஃபைல்தான் காரணம். பேட்ச் ஃபைல் என்றால், கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல். முதல் வரி, பென் டிரைவில் உள்ள பேக்கப் ஃபோல்டருக்குப் போ. இரண்டாவது, இங்கே இருக்கும் பழையதை எல்லாம் கேட்காமல் அழி. மூன்றாவது, புதுக் கணக்கை இங்கே நகல் எடு. பென் டிரைவ் எப்போதும் ஈ டிரைவாக வரும் என்று நம்பி எழுதியிருந்தான். அன்றைக்கு வேறொரு பென் டிரைவ் முதலிலேயே செருகியிருந்தது. ஈ என்ற எழுத்தை அது எடுத்துக்கொள்ள, அக்காவின் பென் டிரைவ் எஃப் ஆகிவிட்டது.

முதல் வரி தோற்றது. குறிப்பிட்ட பாதை கிடைக்கவில்லை என்று கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளைகள் ஓடும் கருப்புத் திரை, ஒரு வரி காட்டியிருக்கும், கண் இமைப்பதற்குள் அது மேலே போயிருக்கும். ஒரு வரி தோற்றால் பேட்ச் ஃபைல் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி "இங்கே இருப்பதை அழி". இங்கே என்றால் எங்கே? பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், அது இருக்கும் ஃபோல்டரில்தான் கணினி நிற்கும். அது இருந்ததோ கணக்கு ஃபோல்டருக்கு உள்ளேயே. எல்லாக் கணக்கையும் அழித்து, அந்த பேட்ச் ஃபைல் தன்னையும் அழித்துக்கொண்டது. பையனின் லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்ததால்தான் நடந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

கருப்புத் திரையில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. இப்போதைய எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் மீட்பு மென்பொருளை வைத்துத் தேடினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அக்காவைக் காப்பாற்றியது வேறு ஒன்று. பேட்ச் ஃபைல் தேடிப் போன இடத்தில் அவருடைய பென் டிரைவ் இல்லாததால், அதில் போன வாரத்துப் பிரதி தொடப்படாமல் இருந்தது. விடுபட்ட ஒரு வாரத்தை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினோம்.

இந்த "இங்கே" என்ற சொல்லைத்தான் நான் என் கணினி வகுப்புகளில் அதிக நேரம் பேசுகிறேன். மண்டபத்தில் நின்றுகொண்டு "பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றால் அது பாம்பன். அதையே பாம்பனில் நின்று சொன்னால் மண்டபம். சொல் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து போய்ச் சேரும் ஊர் மாறிவிடும். ஒரு ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையும் அப்படியே. ஒரு புள்ளி என்றால் இப்போது நிற்கும் ஃபோல்டர், இரண்டு புள்ளி என்றால் அதற்கு ஒரு படி மேலே. இவை சார்புப் பாதைகள். டிரைவ் எழுத்தில் தொடங்கி ஒவ்வொரு ஃபோல்டராகச் சொல்லிக்கொண்டு போவது முழுப் பாதை. மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதிய தபால் முகவரி மாதிரி, எங்கே நின்று சொன்னாலும் அது ஒரே இடத்தைத்தான் காட்டும். அழிக்கிற கட்டளையை முழுப் பாதை இல்லாமல் எழுதவே கூடாது என்பது என் கண்டிப்பு.

நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் கர்சருக்கு இடதுபக்கம் எழுதியிருப்பதே அந்த இடம்தான். எல்லோரும் அதை அலங்காரம் போல விட்டுவிடுகிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அங்கே விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டர் வரும், அதாவது விண்டோஸின் உயிர்நிலையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

(பாதையில் ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கும் சாய்கோடு ஏன் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். விண்டோஸுக்கு முன்பே, 1981-இல் வந்த முதல் டாஸ் இயக்குதளத்தில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் கிடையாது, முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பங்களுக்குப் பயன்பட்டது. 1983-இல் ஃபோல்டர்கள் வந்தபோது மிச்சமிருந்த பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள்.)

தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஒரு மாணவிக்கு வேறு சிக்கல். பைதான் என்ற நிரல்மொழியை நிறுவியிருக்கிறார், ஆனால் பெயரைத் தட்டினால் இது கட்டளையே இல்லை என்கிறது திரை. மூன்று முறை அழித்து மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டு அழாத குறையாக வந்தார். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. வெறும் பெயரைத் தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் முதலில் நிற்கும் ஃபோல்டரில் தேடும், அப்புறம் பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடும். டிஸ்க் முழுக்கத் தேடாது. பைதான் நிறுவும்போது முதல் திரையின் அடியில், பாத்தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். சேர்த்த பிறகு பழைய கருப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும், ஏற்கனவே திறந்திருந்ததற்குப் புதுப் பட்டியல் தெரியாது. விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல் இன்னும் கறார்: நிற்கும் ஃபோல்டரிலேயே புரோகிராம் இருந்தாலும், முன்னால் புள்ளியும் பின்சாய்கோடும் போட்டால்தான் ஓட்டும்.

ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லையென்றால் "பாசி கணக்கு" என்பது இரண்டு தனிச் சொல்லாகிவிடும். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் கிடைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் பாருங்கள், பல லேப்டாப்களில் டெஸ்க்டாப்பே அதற்குள்தான் இருக்கிறது. பாதையைக் கையால் தட்டுவதைவிட, ஃபைலை இழுத்துக் கருப்புத் திரையில் விடுவது நல்லது. முழுப் பாதையும் தானாக வந்துவிடும்.

இன்னொன்றை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள் என இணையத்தில் ஒரு பக்கம் வரும். டிக் செய்ததும், விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்துங்கள், பேஸ்ட் செய்யுங்கள், எண்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். நீங்கள் டிக் செய்த நொடியில் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், மோசடிக்காரர்கள் வைத்துவிடுகிறார்கள். எண்டர் தட்டினால் அது திருட்டு மென்பொருளை இறக்கி, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துப் போகும். ஆளைச் சரிபார்க்க, அந்த இரண்டு சாவிகளால் திறக்கும் ரன் என்ற கட்டளைப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் நேர்மையான தளம் எதுவும் கிடையாது. தட்டிவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பாசி அக்காவின் பேட்ச் ஃபைலைப் பையனும் நானும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். இப்போது அது எதையும் அழிப்பதில்லை, தேதி போட்ட புது ஃபோல்டரில் நகல் எடுக்கிறது. பேக்கப் ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது. நகல் எடுக்கும் முன் முழுப் பாதையையும் திரையில் காட்டி ஒரு சாவி தட்டும்வரை காத்திருக்கிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார். "தம்பி, ஃபோல்டர் இல்லேன்னு சொல்லி நிக்குது. என்ன செய்யட்டும்?"

வேறு பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேட்டேன். பேரனுடையது இருந்தது.