பெரிய பிரேக் கிட் வாங்குவதற்கு முன்: தீர வேண்டிய குறை எது?

வேகமான செடான் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து பெரிய பிரேக் கிட் பற்றி விசாரிக்கும்போது, டிஸ்க் பெரிதானால் வண்டி முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பே பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருக்கிறது. பல வாடிக்கையாளர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே எழுதிவைக்கிறேன். சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க், பேட் எனும் உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டன்களால் அதன் மீது அழுத்தும் காலிப்பர் ஆகியவை சேர்ந்ததே இந்தக் கிட். பெரிய பிரேக் கிட் வெப்பத்தைச் சமாளிப்பதற்காக வாங்கப்படும் பொருள். அவசரத்தில் ஒரு முறை மிதிக்கும்போது நிற்கும் தூரத்தைக் குறைப்பது அதன் வேலை அல்ல.

காரை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம்தான். உங்கள் காரில் இப்போது இருக்கும் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயர் தாங்கக்கூடிய அளவு பிரேக் விசை ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பரை மாட்டினாலும், அந்தக் கூடுதல் விசையை ஏபிஎஸ் குறைத்துவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிடிமான எண் (டயர் தாங்கும் பிரேக் விசைக்கும் வண்டியின் எடைக்கும் உள்ள விகிதம்) 1.0 உள்ள நல்ல டயரில் ஏறத்தாழ 39 மீட்டரில் நிற்கும், அதுவே 0.8 ஆகக் குறைந்த பழைய டயரில் 49 மீட்டர் ஆகிவிடும். இந்தப் பத்து மீட்டரை எந்த பிரேக் கிட்டாலும் மீட்டுத் தர முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் வெயிலில் காய்ந்து இறுகிப்போன டயரோடு வந்து, லட்சக்கணக்கில் விலையுள்ள ஆறு பிஸ்டன் காலிப்பரைக் கேட்பவர்களிடம் முதலில் டயரை மாற்றச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? ஓடும் காரின் இயக்க ஆற்றல் முழுவதும் டிஸ்க்கில் வெப்பமாக மாறுகிறது. ஆட்களுடன் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள செடான் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 140 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க வேண்டுமென்றால் அது இரட்டிப்பாகிவிடும். ஒரு முறை நிற்பதை எந்த நல்ல டிஸ்க்கும் தாங்கும். அடுத்தடுத்து பத்து முறை நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மலை இறக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கார் சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. வண்டியின் எடை எதுவாக இருந்தாலும், இது 100 கி.மீ. வேகத்திலிருந்து 38 முறை நிற்பதற்குச் சமமான ஆற்றல். ஆனால் அது ஒரு மணி நேரத்தில் பரவலாக வெளிப்படுகிறது. இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். இதே அளவு வெப்பம் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஐந்து சுற்றுகளிலேயே சேர்ந்துவிடக்கூடும். ஒரு சுற்றில் ஐந்து இடங்களில் 140லிருந்து 60க்கு வேகம் குறைத்தால், சுற்றுக்கு நாலரை மெகாஜூலுக்கு மேல் ஆகிறது. வெப்பம் ஆறுவதற்கான அவகாசமும் அங்கே இல்லை. ஆகவே, ஊட்டிக்குப் போய்வந்தபோது பிரேக் கருகிய வாசனை வந்தது என்று சொல்பவரிடம், தானியங்கி கியரை 'டி' நிலையிலேயே வைத்து இறங்கினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் ஆம் என்பதாகவே இருக்கும். அவருக்குத் தேவை கிட் அல்ல. கியரைக் கைமுறைக்கு மாற்றி இறங்கும் பழக்கம்.

எது தோற்றுப்போகிறது என்பதைக் காலடியில் உணர்வதை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பெடல் பஞ்சுபோல் மெத்தென்று கீழே இறங்குகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ்கள் உருவாகிவிட்டன. பெடல் உறுதியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது. மிதித்தவுடனேயே ஏபிஎஸ் துடிக்கிறது என்றால் குறை டயரில். ஸ்டீயரிங் அதிர்கிறது என்றால், டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் பேட் பொருள் டிஸ்க்கின் முகத்தில் சீரில்லாமல் படிந்திருக்கும், அல்லது டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகம்) முகத்தில் இருந்த துருவைச் சுத்தம் செய்யாமலேயே டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள்.

இந்தக் குறைகளில் முதல் இரண்டும் மிகக் குறைந்த செலவில் தீரக்கூடியவை. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரி. டாட் 5.1 வகைக்கு இவை 260, 180. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்வதால், வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயர் நெருக்கமாக இருப்பதை நம்பி அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது. பேடைப் பொறுத்தவரை, பந்தயத்துக்கென்று செய்யப்பட்டவற்றைச் சாலைக் காருக்கு வாங்காதீர்கள். சூடேறிய பிறகே அவை முழுமையாகப் பிடிக்கும். அதிகாலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் சந்திப்பில் மிதிக்கும்போது, கம்பெனி பேடைவிட மோசமாகவே நடந்துகொள்ளும். சாலைக்கும் எப்போதாவது போகும் பந்தயத் தடத்துக்கும் பொதுவான பேட் வகைகள் தனியாகக் கிடைக்கின்றன. டயர், ஆயில், பேட் மூன்றையும் மாற்றிய பிறகு கிட் பற்றிய பேச்சையே விட்டுவிட்டவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் பலர்.

இவ்வளவுக்குப் பிறகும் கிட் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் சக்தியைக் கணிசமாகக் கூட்டியவர்கள், கோவை செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ தொடர்ந்து தடத்தில் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு டிஸ்க்கின் எடையும் காற்றோட்டமும் உண்மையாகவே போதாமல் போகும். அவர்களுக்கும் நான் முதலில் காட்டுவது, அதே கார்க் குடும்பத்தின் சக்திமிக்க வகையில் வரும் கம்பெனி பிரேக்கைத்தான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்க்யூபி எனும் பல மாடல்களுக்குப் பொதுவான அடித்தளத்தில் வந்த, முன்பக்கம் 312 மி.மீ. டிஸ்க் உள்ள கார்களுக்கு, கோல்ஃப் ஆர் காரின் 340 மி.மீ. டிஸ்க்கையும் அதற்குரிய காலிப்பரையும் அதைத் தாங்கும் கேரியரையும் பொருத்துவது உலகெங்கும் வழக்கம். பார்ப்பதற்குப் பகட்டாக இருக்காது, ஒற்றைப் பிஸ்டன்தான். ஆனால் தூசிக்கும் மழைக்கும் சோதித்து உருவாக்கியது. பேடும் டிஸ்க்கும் பல நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கும்.

தனி நிறுவனத்தின் கிட்டைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகிவிட்டால், பிஸ்டன்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவற்றின் பரப்பைக் கேளுங்கள். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உள்ள நகரும் வகைக் காலிப்பரில் 57 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 2,550 சதுர மி.மீ. இருபக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான நான்கு பிஸ்டன் காலிப்பரை ஒப்பிடும்போது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் கணக்கிட வேண்டும்; பக்கத்துக்கு இரண்டு 40 மி.மீ. பிஸ்டன் என்றால் அது 2,510 சதுர மி.மீ.தான். ஆக, நான்கு பிஸ்டன் என்பதால் மட்டும் பிடிக்கும் விசை கூடிவிடுவதில்லை. மாறாக, இந்தப் பரப்பு கம்பெனி அளவைவிட மிகவும் அதிகமாக இருந்தால், அதே மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருக்கும். பெடல் நீளமாக இறங்கும், காலடி உணர்வு கெட்டுப்போகும்.

இதைவிட முக்கியமானது முன்–பின் சமநிலை. 288 மி.மீ. டிஸ்க்கை எடுத்துவிட்டு 330 மி.மீ. டிஸ்க்கை மாட்டும்போது, பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போவதாலேயே, வேறெதையும் மாற்றாமல் முன்சக்கர பிரேக் திருக்குவிசை (சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கும் முறுக்கு விசை) 17, 18 சதவீதம் கூடிவிடுகிறது. பிஸ்டன் பரப்பும் சேர்ந்து கூடினால் இது இன்னும் மிகும். பின்பக்கம் பழையபடியே இருக்க, முன்சக்கரம் மட்டும் முன்னதாகவே பிடிமான எல்லையைத் தொட்டு ஏபிஎஸ்ஸை எழுப்பிவிடும். பின்டயரால் செய்யக்கூடிய வேலையில் ஒரு பகுதி பயன்படாமலே போகும். இரண்டு லட்சம் செலவழித்த பிறகு நிற்கும் தூரம் கூடிப்போவது இப்படித்தான் நடக்கிறது. பொறுப்பாக வடிவமைக்கப்பட்ட கிட்டில், பெரிய டிஸ்க்குக்கு ஈடாகப் பிஸ்டன் பரப்பைச் சற்றுக் குறைத்திருப்பார்கள். விற்பவரிடம், உங்கள் காரின் பெயரைச் சொல்லி, கம்பெனி நிலையுடன் ஒப்பிட்டு முன்சக்கரத் திருக்குவிசை எத்தனை சதவீதம் மாறுகிறது என்று கேளுங்கள். விடை தெரியாதவரிடம், அல்லது ஒரே காலிப்பரை எல்லாக் காருக்கும் பிராக்கெட் மாற்றித் தருபவரிடம், வாங்காமல் இருப்பது நல்லது.

2022இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி போன்ற கார்களின் உரிமையாளர்கள், 150 குதிரைத்திறன் கொடுத்துவிட்டுப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக் வைத்திருக்கிறார்களே என்று குறைப்படுவது நியாயமான ஆதங்கம்தான். ஆனாலும் பின்பக்கத்தை டிஸ்க்காக மாற்றும் வேலையை நான் ஊக்குவிப்பதில்லை. முன்சக்கர இயக்கம் உள்ள காரில் பலமாக பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், பெரும்பகுதி வேலையை முன்பக்கமே செய்கிறது. பின்பக்கத்தை மாற்றினால் கைபிரேக் அமைப்பு, ஹப், ஏபிஎஸ் அமைப்பின் உள்கணக்கு அனைத்தும் கேள்விக்குள்ளாகும். பின்பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்தால் ஈரச்சாலை வளைவில் வண்டியின் வால் சுழலும். முன்பக்கம் அதிகமாகப் பிடிப்பதைவிட இது பல மடங்கு ஆபத்தானது.

டிஸ்க்கின் விட்டத்தைப் போலவே அதன் எடையும் கணக்கில் வர வேண்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிற்கும்போது, 7 கிலோ எடையுள்ள முன் டிஸ்க்கின் வெப்பநிலை சுமார் 60 டிகிரி உயருகிறது. 10 கிலோ டிஸ்க்கில் 42 டிகிரிதான். நடுப்பகுதி அலுமினியமாகவும் வளையம் வார்ப்பிரும்பாகவும் உள்ள இருதுண்டு டிஸ்க், வெப்பத்தில் விரிவதற்கு இடம் கொடுக்கிறது. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வளையத்தின் விலை என்ன, வெளிநாட்டிலிருந்து வர எத்தனை வாரம் ஆகும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துளையிட்ட டிஸ்க் தடத்தில் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம் என்பதால், கோடு வெட்டிய டிஸ்க்கையோ வெறும் முகம் கொண்ட டிஸ்க்கையோதான் நான் பரிந்துரைக்கிறேன். உள்ளே காற்றுவழி வளைந்திருக்கும் டிஸ்க்குகள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறு வேறு. மாற்றி மாட்டினால் குளிர்ச்சி குறையும்.

சக்கரத்துக்குள் கிட் நுழையுமா என்பதைச் சக்கரத்தின் அங்குல அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. சக்கரக் கம்பியின் வளைவு காலிப்பரின் முகத்தில் உரசுமா என்பதுதான் கேள்வி; நல்ல நிறுவனங்கள் வெட்டிப் பார்க்கும் அளவுப் படத்தைத் தருகின்றன. அதை அட்டையில் வெட்டிச் சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லோரும் மறப்பது ஸ்டெப்னி. பல கார்களில் அது ஓர் அளவு சிறியது. பெரிய காலிப்பருக்கு மேல் ஏறவே ஏறாது. இரவில் நெடுஞ்சாலையில் முன்டயர் பஞ்சரான பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் சங்கடமானது.

பந்தயத்துக்கான காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசி மறைக்கும் ரப்பர் உறை இருக்காது. நம் சாலையில் ஒரே மழைக்காலத்தில் பிஸ்டன்கள் இறுகிவிடும். உறை உள்ளதையே வாங்குங்கள். பரவலாகக் கிடைக்கும் பேட் வடிவத்தை ஏற்கும் காலிப்பராகவும் அது இருக்கட்டும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரை அச்சிட்ட போலிக் காலிப்பர்கள் இணையச் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. நம்பமுடியாத விலை என்பதே அவற்றின் முதல் அடையாளம். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம், வரிசை எண்ணுடன் கூடிய ரசீதோடு மட்டும் வாங்குங்கள். சாதாரண காலிப்பருக்கு மேல் சிவப்புப் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது, கழன்றால் சக்கரத்துக்குள் சிக்குகிறது. அழகு வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

வண்டியில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள், வாய்ச்சொல் போதாது.

பொருத்தும் நாளில் உரிமையாளரே அருகில் நின்று பார்க்கக்கூடியவை சில உண்டு. காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். இடவலம் மாறி மாட்டப்பட்டால் அது கீழே போய்விடும், உள்ளே சிக்கிய காற்று எத்தனை முறை பிளீட் செய்தாலும் வெளியேறாது. பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பும்போதும் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடும்போதும் இழுபடவோ உரசவோ கூடாது. சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கே முறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா செடான்களில் அது பொதுவாக 120 நியூட்டன் மீட்டர்.

பிறகு புதிய பேட் டிஸ்க்கோடு ஒத்துப்போகும்படி அதைப் பதப்படுத்த வேண்டும். போக்குவரத்து இல்லாத, பின்னால் வண்டி வராத சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, முழுவதும் நிற்காமல், ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு உறுதியாக மிதித்து எட்டு அல்லது பத்து முறை அடுத்தடுத்து வேகம் குறைக்கவும். பேட் நிறுவனம் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றவும். கடைசி முறைக்குப் பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். சூடான நிலையில் பெடலை அழுத்திக்கொண்டே சிக்னலில் நின்றால், பேட் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிப் பின்னாளில் ஸ்டீயரிங் அதிர்வாக வெளிப்படும். 500 கி.மீ. ஓடியபின் பட்டறைக்கு ஒரு முறை கொண்டுவந்து, பிராக்கெட் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், ஹோஸ் இணைப்புகளில் கசிவு உண்டா என்பதையும், பேட் இருபுறமும் சமமாகத் தேய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.